வவுச்சர் எங்கே சார்?

தயிருக்கு இங்கிலீஷில் ஸ்பெல்லிங் என்ன? நடுவில் 'ஹெச்' உண்டா, கிடையாதா?

சிரிக்காதீர்கள். இதற்காக எட்டு வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். விக்கிபீடியா இருக்கிறதே, அதில் தயிர் பற்றிய ஆங்கிலக் கட்டுரைக்கு 'ஹெச்' போட்டுத் தலைப்பு வைப்பதா, போடாமல் வைப்பதா என்று ஒரு கோஷ்டி மாற்ற, இன்னொரு கோஷ்டி திருப்பி மாற்ற... 2011-ல்தான் ஹெச் தோற்றது. தயிரே இந்தப் பாடு படுத்தினால் ஜெருசலேம் என்ன பாடு படுத்தும்? நபிகள் நாயகம்? இலங்கைப் போர்? நம்ம ஊர் ஜாதிப் பெருமை?

விக்கிபீடியா 2001 ஜனவரியில் ஆரம்பித்த சமாச்சாரம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதை யார் வேண்டுமானாலும் அடித்துத் திருத்தலாம். சம்பளம் கிடையாது, ஓவர்டைம் கிடையாது, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கடைசிக் கையெழுத்துப் போடும் ஆசிரியரும் கிடையாது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பனியனோடு உட்கார்ந்து சரித்திரம் எழுதுகிற ஆசாமிகள். இப்படி ஒரு ஏற்பாடு ஒரு வாரம் தாங்காது என்றுதான் எந்த மேனேஜரும் சொல்வார்.

எனக்குச் சரித்திரம் ஆகாது. நான் பி.காம். ஆனால் அங்கே சண்டை தீர்க்கிற விதத்தைப் பார்த்ததும், 'அட, இது நம்ம ஆடிட்டிங் பேப்பராச்சே!' என்று தோன்றியது.

ஆடிட்டர் வந்து உட்கார்ந்தால் என்ன கேட்பார்? "இந்தச் செலவு நியாயமா?" என்றா? ஊஹூம். "வவுச்சர் எங்கே சார்?" அவ்வளவுதான். காட்டினால் டிக் அடிப்பார். காட்டாவிட்டால் முதலாளியின் மச்சானாக இருந்தாலும் சுழிப்பார். விக்கிபீடியாவிலும் இதேதான். 'எது உண்மை' என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. 'இதை யார் எழுதியிருக்கிறார், எந்தப் புத்தகத்தில், அவர் சொல்வதை மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் மதிக்கிறார்களா' என்பதுதான் கேள்வி. 'எங்க தாத்தா சொன்னார்' செல்லாது. 'ஊருக்கே தெரியும்' அதுவும் செல்லாது.

ஆரம்ப காலத்தில் தகராறு முற்றினால் நிறுவனர் ஜிம்மி வேல்ஸிடம் போய் நிற்பார்கள். கிராமத்தில் நாட்டாமை மாதிரி. கூட்டம் பெருகியதும் நாட்டாமைக்குத் தாங்கவில்லை. பன்னிரண்டு பேரைப் போட்டு ஒரு நடுவர் குழு அமைத்தார். 2004-ல் வேலையை ஆரம்பித்தார்கள். இப்போது எழுதுகிறவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்கும் சம்பளம் இல்லை. திட்டு மட்டும் நிறையக் கிடைக்கும்.

இந்தக் குழுவின் விசேஷம் என்ன தெரியுமா? ஜெருசலேம் யாருடையது என்று நீங்கள் தலைகீழாக நின்று கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். யார் மரியாதை தவறினார், யார் மற்றவர் எழுதியதை அழித்துக்கொண்டே இருந்தார், யார் இரண்டு பெயரில் வந்து ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டார் - இதைத்தான் விசாரிப்பார்கள். அம்பயருக்கு எந்த டீம் நல்ல டீம் என்பது பிரச்னை இல்லை, நோ-பால்தான் பிரச்னை.

அதே 2004-ல் இன்னொரு சட்டமும் இறுகியது. ஒரே கட்டுரையில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் எழுத்தைத் திருப்பி அடித்தால், ஆள் வெளியே. நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும்! (இந்தச் சட்டம் வீட்டில் டி.வி. ரிமோட்டுக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.)

சட்டம் போட்டுவிடலாம். போலந்துக்காரருக்கும் ஜெர்மன்காரருக்கும் எப்படிப் புரியவைப்பது?

பால்டிக் கடற்கரையில் ஒரு துறைமுக ஊர். ஜெர்மன்காரர் 'டான்சிக்' என்பார். போலந்துக்காரர் 'க்டான்ஸ்க்' என்பார். 1308-ல் ஜெர்மானிய மதவீரர்கள் பிடித்த ஊர், 1454-ல் போலந்து ராஜாவிடம் போனது, 1793-ல் பிரஷ்யாவிடம் போனது, 1945-ல் மறுபடி போலந்து. இரண்டாம் உலகப் போரின் முதல் குண்டுகள் விழுந்த இடங்களில் ஒன்று. ஆக, பெயரை மாற்றுவது வெறும் எழுத்துப் பிழைத் திருத்தம் இல்லை. செத்தவர்கள் கணக்கும், வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் கணக்கும் அதில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் 'டான்சிக்'கை அழித்து 'க்டான்ஸ்க்', அதை அழித்து 'டான்சிக்'.

'இங்கே ஓட்டெடுப்பு கிடையாது, வாதம்தான் முக்கியம்' என்று எப்போதும் பெருமை பேசுகிற விக்கிபீடியாவே, வேறு வழியில்லாமல் 2005-ல் ஓட்டெடுத்தது. அதுவும் எப்படி? ஊருக்கு ஒரே பெயர் என்று ஒற்றை ஓட்டு இல்லை. காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஓட்டு! 1308-க்கு முன்னால் க்டான்ஸ்க். 1454 வரை டான்சிக். 1793 வரையும் டான்சிக்தான். 1945 வரை டான்சிக். அப்புறம் க்டான்ஸ்க். முதல் தடவை எழுதும்போது இன்னொரு பெயரையும் பக்கத்தில் போட வேண்டும். ஆசாமி தெளிவாக ஜெர்மன்காரர் என்றால் டான்சிக் முதலில்; போலந்துக்காரர் என்றால் க்டான்ஸ்க் முதலில். லெக் வலேசா 1980-ல் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் நடத்தியது க்டான்ஸ்கில். ஊர் அதேதான். மாமியார் வீட்டில் ஒரு பெயர், அம்மா வீட்டில் ஒரு பெயர் என்று நம்மில் எத்தனையோ பெண்கள் சமாளிக்கவில்லையா?

இதில் யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் அடுத்த தடவை ஒருத்தர் சிலிர்த்துக்கொண்டு வந்தால், "அந்த ஓட்டெடுப்பைப் படித்துவிட்டு வா தம்பி" என்று சொல்லிவிடலாம். அது பெரிய நிம்மதி.

ஜெருசலேமுக்கு அந்த நிம்மதி 2013-ல் வந்தது. கட்டுரையின் ஆரம்பத்தில் 'இஸ்ரேலின் தலைநகர்' என்று எழுதலாமா, கூடாதா? வருஷக்கணக்காக அக்கப்போர். நடுவர் குழு, "நாங்கள் சொல்ல மாட்டோம், எல்லோரும் கூடிப் பேசுங்கள், வெளியாள் மூன்று பேர் முடிவைப் படித்துச் சொல்லட்டும், அதற்கப்புறம் மூன்று வருஷம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது" என்றது. இரண்டு தரப்புமே தலைநகர் என்று உரிமை கோருவதையும், உலகம் பெரும்பாலும் இரண்டையும் ஏற்காததையும் சொல்லும் விதமாக வாக்கியம் அமைத்தார்கள். ஒரு பாராவுக்கு மூன்று வருஷம் பூட்டு! இப்போதும் இஸ்ரேல்-பாலஸ்தீன விவகாரத்தில் கைவைக்க வேண்டுமானால் ஆள் வந்து 30 நாளாவது ஆகியிருக்க வேண்டும், 500 திருத்தமாவது செய்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இப்படி நடுவாக வெட்டிவிட முடியாது. நபிகள் நாயகம் பற்றிய கட்டுரையில் பழைய இஸ்லாமியக் கையெழுத்துப் பிரதிகளின் ஓவியங்கள் சில இருந்தன. அவற்றை எடுத்துவிடச் சொல்லி 2008-ல் ஒரு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். நம்பிக்கை புண்படுகிறது என்ற வலி பொய்யில்லை. ஆனால் கையெழுத்து எண்ணிக்கை வவுச்சர் ஆகாது. படங்கள் எடுக்கப்படவில்லை. 2012-ல் மறுபடி பெரிய விவாதம் நடந்து, கட்டுரையின் தலைமாட்டில் ஓவியத்துக்குப் பதில் அழகெழுத்தில் அவர் பெயர் இருக்கட்டும், ஓவியங்கள் கீழே இருக்கட்டும் என்று முடிந்தது. பார்க்க விரும்பாதவர் தன் கம்ப்யூட்டரில் படங்களை மறைத்துக்கொள்ளவும் வழி சொல்லி வைத்திருக்கிறார்கள். மனுப் போட்டவர்களுக்கு இது போதவில்லை. போதாது என்பதும் புரிகிறது.

நம் பக்கம் வருவோம். இலங்கையில் போர் மறுபடி மூண்டிருந்த நேரம். அங்கே குண்டு விழ, இங்கே கட்டுரைகளில் தமிழரும் சிங்களவரும் ஒருத்தரை ஒருத்தர் அழித்துக்கொண்டிருந்தார்கள். அதில் சில பேர் 2007-ல் தாங்களாகவே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். நாளைக்கு மூன்று முறை எல்லாம் இல்லை, ஒரே ஒரு முறைதான் திருப்பலாம். செய்தி எங்கிருந்து வந்தது என்று தரம் பிரித்தார்கள். ராணுவ அமைச்சகம் சொன்னால் 'அரசு சொல்கிறது' என்றும், புலிகள் ஆதரவு இணையதளம் சொன்னால் 'புலிகள் ஆதரவுத் தளம் சொல்கிறது' என்றும் முதுகில் சீட்டு ஒட்டித்தான் உள்ளே விட வேண்டும். கொழும்பிலும் கிளிநொச்சியிலும் பேச்சுவார்த்தை முறிந்த காலத்தில், முகம் தெரியாத நாலு பேர் இதைச் சாதித்தார்கள் என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

ஜாதி விவகாரத்தில் வேறு மாதிரி கண்டிப்பு. வெள்ளைக்காரத் துரைகள் குதிரையில் போய் விசாரித்து எழுதிய பழைய ஜாதிப் புத்தகங்கள் இருக்கின்றன பாருங்கள், அவை ஆங்கில விக்கிபீடியாவில் செல்லாத நோட்டு. 'நாங்க ஆண்ட பரம்பரை' என்பதற்கு அதைத் தூக்கிக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதில் மனசு உடைந்தவர்கள் ஏராளம்.

சரி, ஆடிட்டரே கட்சிக்காரர் ஆகிவிட்டால்? அதுவும் நடந்தது. குரோஷிய மொழி விக்கிபீடியாவில். சாவிக்கொத்து ஒரு சின்ன கோஷ்டியின் கையில் போய்விட்டது. எதிர்த்துப் பேசினால் வெளியே. யசெனோவாச் என்று ஓர் இடம். இரண்டாம் உலகப் போரில் செர்பியர்கள், யூதர்கள், ரோமா மக்களைக் கொன்று குவித்த முகாம். அங்கே உள்ள நினைவகம் 83,145 பேரைப் பெயர் பெயராகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அந்த மொழிக் கட்டுரையோ அதை ஏதோ ஆட்களைச் சேர்த்து வைத்த இடம், வேலை வாங்கிய இடம் என்கிற தோரணையில் எழுதியது. 2013-ல் அந்த நாட்டுக் கல்வி அமைச்சரே "பிள்ளைகளே, இதைப் படிக்காதீர்கள், வேறு மொழியில் படியுங்கள்" என்று சொல்ல வேண்டி வந்தது. அப்படியும் கோஷ்டி அசையவில்லை. ஏறக்குறைய பத்து வருஷம் கழித்துத்தான் சாவிகள் பிடுங்கப்பட்டன. விக்கிமீடியா அறக்கட்டளை 2021-ல் விசாரணை அறிக்கை வெளியிட்டது.

அந்தப் பத்து வருஷமும் குரோஷியாவில் ஸ்கூல் நடந்துகொண்டுதான் இருந்தது. பையன்கள் ஹோம்வொர்க்குக்கு அதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.