வடம் அறுந்தாலும் செய்தி போய்ச் சேருவது எப்படி?

2006ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி தைவானின் தென்கரைக்கு அருகே கடலில் நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடியில் போடப்பட்டிருந்த பல தொலைத்தொடர்பு வடங்கள் அறுந்தன. மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் இணையம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. வடங்களைச் சரிசெய்யப் பல வாரங்கள் பிடித்தன. ஆயினும் அதுவரை இணையம் அடியோடு நின்றுவிடவில்லை. செய்திகள் வேறு வழிகளில் சுற்றிக்கொண்டு போயின.

இந்த ஏற்பாட்டின் வேர் 1960களில் இருக்கிறது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதங்களோடு எதிரெதிரே நின்ற காலம் அது. தொலைபேசி அழைப்புகள் பெரிய நிலையங்கள் வழியாகவே போயின. அந்த நிலையங்கள் தாக்கப்பட்டால் நாடே ஊமையாகிவிடும். ரேண்ட் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன் இதற்கு ஒரு வழி சொன்னார். மையமே வேண்டாம், மீன்வலை போல, ஒவ்வொரு முடிச்சும் பக்கத்திலுள்ள மூன்று நான்கு முடிச்சுகளோடு இணைந்திருந்தால் போதும் என்றார். அவருடைய ஆய்வு 1964இல் வெளிவந்தது.

செய்தியைச் சிறு துண்டுகளாக்கி அனுப்ப வேண்டும் என்பதும் அவர் யோசனையே. ஒரு துண்டு தன்னிடம் வந்ததும், அப்போது திறந்திருக்கும் நல்ல வழியில் முடிச்சு அதைத் தள்ளிவிடும். கையில் விழுந்த சூடான உருளைக்கிழங்கை யாரும் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் அல்லவா? அந்தப் பெயரையே அவர் இம்முறைக்கு வைத்தார். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் செல்பவர் நெடுஞ்சாலையில் நெரிசல் என்றதும் தாப்பா, தஞ்சோங் மாலிம் வழியாகப் பழைய சாலையில் போவதைப் போன்றது இது. ஏறக்குறைய அதே காலத்தில் பிரிட்டனின் டொனால்ட் டேவிஸ் இதே முடிவுக்குத் தனியாக வந்தார். அத்துண்டுக்குப் ‘பேக்கட்’, அதாவது பொட்டலம் என்று பெயரிட்டவர் அவரே.

வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் என்ன செய்வது? 1974இல் விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் அதற்கு விடை தந்தார்கள். பொட்டலம் கிடைத்ததும் பெறுபவரின் கணினி ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்பும். குறித்த நேரத்தில் அப்பதில் வராவிட்டால், அனுப்பிய கணினி மறுபடியும் அனுப்பும். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்குவது போன்ற ஏற்பாடு இது.

இவ்வளவு இருந்தும் ஒரு நாள் வலை முழுவதும் படுத்துவிட்டது. 1980ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் பல மணி நேரம் செயலிழந்தது. எந்த வழி திறந்திருக்கிறது என்று கணினிகள் ஒன்றுக்கொன்று நிலவரச் செய்தி அனுப்பிக்கொள்வது வழக்கம். எது புதியது என்று தெரிய அதற்கு வரிசை எண் உண்டு. அந்த எண் கடிகாரம் போல 63க்குப் பின் மீண்டும் 0விலிருந்து தொடங்கும். ஒரு கணினியின் பழுதால் ஒரு செய்தியின் எண் சிதைந்து 8, 40, 44 என மூன்று வடிவங்களில் உலவியது. 40ஐவிட 44 புதியது. வட்டம் சுற்றி வந்ததால் 44ஐவிட 8 புதியது. 8ஐவிட 40 புதியது! மூன்றும் ஒன்றையொன்று துரத்த, எல்லாக் கணினிகளும் அவற்றையே ஓயாமல் பரப்பிக்கொண்டிருந்தன. பொறியாளர்கள் தலையிட்டு, அச்செய்திகளைப் புறக்கணிக்கும்படி செய்த பிறகே வலை மீண்டது.

வடம் அறுவதை எதிர்பார்த்தவர்கள், கணினி தவறாகப் பேசுவதைப் போதிய அளவு எதிர்பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி. வரிசை எண் வட்டமாகச் சுற்றக்கூடாது, ஒவ்வொரு நிலவரச் செய்திக்கும் ஆயுள் இருக்க வேண்டும் என்று 1983இல் அவர் ஒரு முறையை முன்வைத்தார். ஆயுள் முடிந்த செய்தி தானே அழிந்துவிடும். பழுதான கணினியை நீக்கிவிட்டால், யாரும் கைவைக்காமலே வலை தேறிவிடும். இந்த வழியைப் பின்பற்றும் விதிமுறைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

வடம் அறும், பொட்டலம் தொலையும், கணினி தவறும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கட்டியதால்தான் இந்த வலை நிற்கிறது. எதுவும் கெடாது என்று நம்பிக் கட்டியிருந்தால், தைவான் கடலில் அன்று அறுந்தவை வடங்கள் மட்டுமாக இருந்திருக்காது.