அரைப்படி நெல்லுக்காக எரிந்த குடிசை

பேராவூரணியும் நாகப்பட்டினமும் அன்று ஒரே தஞ்சை மாவட்டம். வயலில் அறுவடைக் கூலி காசாக அல்ல, நெல்லாகவே அளக்கப்பட்டது.

அந்தக் கூலியில் இன்னும் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள், நாகைப் பக்கத்துக் கீழ்வெண்மணிச் சேரி மக்கள். செங்கொடிச் சங்கத்திலும் சேர்ந்தார்கள். மிராசுதார்களுக்கு ஆத்திரம்!

1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி. இரவு நேரம். அடியாட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. ஆண்கள் வயல் வழியே சிதறி ஓடினார்கள். ஓட முடியாத பெண்கள், குழந்தைகள், முதியோர் ஒரு சிறு குடிசைக்குள் ஒண்டினார்கள்.

மண் சுவர். மேலே ஓலைக் கூரை. அதற்குத் தீ வைத்தார்கள். 44 பேர் கருகி மாண்டார்கள்.

காரும் கோர்ட்டும்

1970-ல் நாகை கோர்ட்டு மிராசுதார்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. சென்னை ஐகோர்ட்டோ அவர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்பது தீர்ப்பில் எழுந்த சந்தேகம். காருக்குத்தான் எத்தனை மதிப்பு!

செங்கல் வீடு

இந்தச் செய்தி கேட்டு வெண்மணிக்கு வந்தவர்கள், காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் கணவர் ஜெகந்நாதனும். 1981-ல் 'உழுபவனின் நில உரிமை இயக்கம்' தொடங்கினார்கள். நிலத்தை வாங்கிப் பெண்கள் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். குடிசைகளுக்குப் பதில் செங்கல் வீடுகள் கட்டவும் முனைந்தார்கள். ஓலை எரியும், செங்கல் எரியாது அல்லவா?

2012-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, தர்மபுரி மாவட்டம் நத்தம் காலனி. சாதி மாறி நடந்த ஒரு திருமணத்தைச் சாக்கிட்டு வந்த கூட்டம் தீ வைத்தது. எரிந்தவற்றில் கட்டட வீடுகளும் உண்டு. உயிர்கள் தப்பின. சுவர்களும் நின்றன. உள்ளே இருந்த துணிமணி, தட்டுமுட்டுச் சாமான், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் சாம்பல்.