முப்பது மில்லிமீட்டர் இறக்கம்

ஸ்விஃப்ட் போன்ற சின்ன காரைச் சாலையோடு ஒட்டினாற்போல் இறக்கி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, “இந்த ஸ்பிரிங் போட்டால் வண்டி எவ்வளவு இறங்கும்?” என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இறங்கிய பிறகு சக்கரம் மேலே எழும்ப எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும்?

கணக்குக்காக, முன் சக்கரம் ஒன்றின் மேல் 220 கிலோ எடை இருப்பதாகவும், ஸ்பிரிங்கை 1 மிமீ அமுக்க 2 கிலோ வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். வண்டி சும்மா நிற்கும்போதே ஸ்பிரிங் 110 மிமீ அமுங்கியிருக்கும். அதற்கு மேல் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் முட்டும்வரை இன்னும் 80 மிமீ இடம் உண்டு என்றால், சாலையிலிருந்து 160 கிலோ கூடுதல் அடி விழுந்தால்தான் அது முட்டும். இப்போது வண்டியை 30 மிமீ இறக்குங்கள். மிச்சம் 50 மிமீ. ஸ்பிரிங் பழைய கடினத்திலேயே இருந்தால் 100 கிலோவிலேயே ‘டங்’ என்று முட்டிவிடும். பழையபடி 160 கிலோவைத் தாங்க, கடினம் 1 மிமீக்கு 3.2 கிலோவாக ஏற வேண்டும். 60 சதவீதம் கூடுதல்! அத்தனை கடினமான வண்டியில் தினமும் வேலைக்குப் போய்வர முடியாது. ஆகவே நல்ல தயாரிப்பாளர்கள் கடினத்தை ஓரளவு கூட்டி, பம்ப் ஸ்டாப்பின் உயரத்தையும் சற்றுக் குறைத்து, இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நிற்கிறார்கள். 1951இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட ஐபாக் நிறுவனத்தின் சாலைக்கான ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் 30 மிமீயை ஒட்டியே இறக்குவதற்கு இந்தக் கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கடினத்தைக் கூட்டுவது எப்படி? கம்பியின் விட்டம் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. 12 மிமீ கம்பியை 13 மிமீ ஆக்கினால் போதும், கடினம் 38 சதவீதம் எகிறிவிடும். சுற்றுகளைக் குறைத்தாலும் கடினம் கூடும். சில ஸ்பிரிங்குகளில் ஒரு முனையில் மட்டும் சுற்றுகள் நெருக்கமாக இருப்பதைப் பார்க்கலாம். எடை ஏற ஏற அந்த நெருக்கமான சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வேலையிலிருந்து விலகிக்கொள்ளும். மிஞ்சிய சுற்றுகள் குறைவு என்பதால் ஸ்பிரிங் கடினமாகிறது. அந்த நெருக்கமான முனைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜாக்கி போட்டுத் தூக்கும்போதோ பெரிய பள்ளத்திலோ சக்கரம் கீழே தொங்கினால், குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுக் கழன்றுவிடாமல் அதுதான் இட்டு நிரப்புகிறது. ஸ்விஃப்டின் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனி. அங்கே ஸ்பிரிங் எடையின் அழுத்தத்தால்தான் இடத்தில் நிற்கிறது. தொங்கும்போது அது தளர்ந்து ஆடினால், மறுபடி உட்காரும்போது சரியான இடத்தில் உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கம்பெனி ஸ்பிரிங்கையே கட்டர் வைத்து ஒரு சுற்று வெட்டிவிடும் வழக்கம் இதனால்தான் ஆபத்தானது. ஐந்து சுற்றில் ஒன்றை வெட்டினால் கடினம் 25 சதவீதம் கூடுகிறது, உண்மைதான். ஆனால் இருக்கையில் பொருந்துவதற்கென்றே வடிவமைத்த முனை போய்விடுகிறது. வெட்டிய கம்பியின் கூர்முனை ஒரே புள்ளியில் ஊன்றி நிற்கும். கட்டரின் சூட்டில் எஃகின் பதமும் கெடும். இந்த வேலையைச் செய்து தருகிற பட்டறை எவ்வளவு பழக்கமானதாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. 2018இல் வந்த ஸ்விஃப்டில் பெட்ரோல் வண்டியைவிட டீசல் வண்டி ஏறக்குறைய 100 கிலோ கூடுதல் எடை, அதில் பெரும்பகுதி முன்பக்கத்தில். டீசலுக்கான ஸ்பிரிங்கைப் பெட்ரோலில் போட்டால் மூக்கு தூக்கி நிற்கும். ஜெர்மனியில் விற்கும் ஸ்பிரிங்கோடு, எந்த அச்சு எத்தனை கிலோ வரை தாங்கலாம் என்ற சான்றிதழ் வரும். அது இருந்தால் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஷாக் அப்சார்பர் பழசாகியிருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். கடினமான ஸ்பிரிங் துள்ளி எழும்பும்போது பிடித்து நிறுத்துவது ஷாக்தான். தளர்ந்த ஷாக் ஒரே ஆண்டில் கைவிரித்துவிடக்கூடும்.

இறக்கினால் வளைவில் வண்டி சாயாது என்ற பேச்சில் பாதிதான் சரி. முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு. அதில் வண்டியை இறக்கும்போது, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சரியும். உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. சாய்க்கிற நெம்புகோல் நீளமாகிறது என்று பொருள். சாய்வைக் குறைப்பது ஸ்பிரிங்கின் கடினம். 30 மிமீயைத் தாண்டி இறக்க இறக்க, அந்த லாபத்தையும் நெம்புகோல் தின்னத் தொடங்கும்.

வேகத்தடைக்கு வருவோம். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செமீ உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம். ஸ்விஃப்டின் இரண்டு அச்சுகளுக்கு நடுவே 2.45 மீட்டர். நான்கு சக்கரமும் அந்த மேட்டில் ஏறி நிற்கும்போது, வயிற்றுக்குக் கீழே எழும்பும் வில்லின் உயரம் 44 மிமீ மட்டுமே. கம்பெனி தரும் 163 மிமீயில் 30 போனாலும் தாராளமாகக் கடக்கலாம். ஆனால் நம் தெருக்களில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தார் கொட்டிக் குவித்த ஒரு சாண் அகல மேடுகள்தான் அதிகம். அவற்றின் முழு உயரமும் சக்கரங்களுக்கு நடுவே வந்து நிற்கும். ஐந்து பேர் ஏறிப் பின்பக்கம் இன்னும் 40, 50 மிமீ அமிழ்ந்திருந்தால் சைலன்சர் உரசும். குடும்பத்தோடு ஊருக்குப் போகும் வண்டிக்கு 20 மிமீயே எனக்கு அதிகமாகப் படுகிறது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. வேலையைத் தொடங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். ரேஸ் பழகத்தான் ஆசை என்றால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

மாட்டும் வேலையில் முதல் படி அளவெடுப்பது. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றியதும், ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளையும் எதிரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து, கையால் திருகினால் சுழல்கிறதா? அப்போதுதான் மேல் நட்டைத் தொடலாம். அதற்கு முன் நட்டு கழன்றால் ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும்.

பலர் கோட்டை விடுவது புஷ்ஷில். லோயர் ஆர்மின் புஷ், உள்குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டிய ரப்பர். வண்டி ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் தொங்கிய நிலையில் அதன் போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டி தரையைத் தொட்ட கணமே ரப்பர் முறுக்கேறி நிற்கும். உயரம் சற்றுக் கூடுதலாகக் காட்டும், சில மாதத்தில் ரப்பர் கிழியும். போல்ட்டைக் கையால் மட்டும் பிடித்துவைத்து, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் ஆட்டி உட்காரவைத்த பிறகே கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். அதன்பின் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட்டின் கோணம் இரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்ததும் அதே நான்கு இடங்களில் மறுபடி அளந்து, அலைன்மென்ட்டையும் ஒருமுறை பாருங்கள். இடதுக்கும் வலதுக்கும் 10 மிமீக்கு மேல் வித்தியாசம் வந்தால், ஏதோ ஒரு ஸ்பிரிங்கின் முனை இருக்கையின் தடுப்பில் போய் முட்டாமல் நிற்கக்கூடும். கழற்றித் திருப்பி மாட்டிய பிறகு வண்டியை எடுங்கள்.