ஆயிரக்கணக்கான டன்னைத் தாங்கும் எண்ணெய்ப் படலம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்கெஹானா ஆற்றின் மீதுள்ள ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் 1912 ஜூன் மாதம் புதுவகை த்ரஸ்ட் பேரிங் ஒன்று பொருத்தப்பட்டது. 12,000 கிலோவாட் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கியதுமே பேரிங்கின் உலோகப் பூச்சு வழித்தெடுத்ததுபோல் சிதைந்தது. வடிவமைத்த ஆல்பர்ட் கிங்ஸ்பரி, உரசும் பரப்புகளை இன்னும் நுணுக்கமாக இழைத்து மறுபடி பொருத்தினார். அதன்பின் 220 டன் சுமையுடன் 75 ஆண்டுகள் ஓடியும் தேய்மானம் ஏறக்குறைய இல்லை. 1987-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

சுமை எங்கே இறங்குகிறது?

பெரிய நீர்மின் நிலையங்களில் டர்பைனும் ஜெனரேட்டரும் ஒரே செங்குத்துத் தண்டில் இருக்கும். சுழலும் பாகங்களின் எடையும், தண்ணீர் கீழ்நோக்கித் தள்ளும் விசையும் த்ரஸ்ட் பேரிங் என்ற ஒரே பேரிங் மீது விழுகின்றன. சீனாவின் த்ரீ கார்ஜஸ், பிரேசில்–பராகுவே எல்லையிலுள்ள இட்டாய்ப்பு போன்ற நிலையங்களின் 700 மெகாவாட் இயந்திரங்களில் இந்தச் சுமை ஆயிரக்கணக்கான டன்.

அந்தப் பேரிங்கில், தண்டோடு சுழலும் உருக்கு வளையம் மேலே. வட்டமாக அடுக்கிய, விசிறித் துண்டு வடிவப் பட்டைகள் கீழே. பட்டைகளின் முகத்தில் வெள்ளீயக் கலவையான பாபிட் பூச்சு. ஒவ்வொரு பட்டையும் தன் தாங்கியின் மேல் சற்றே சாயக்கூடியது. வளையம் சுழலும்போது எண்ணெயை இழுத்து, ஆப்பு வடிவ இடுக்குக்குள் திணிக்கிறது; அங்கே உருவாகும் அழுத்தமே முழுச் சுமையையும் தூக்கி நிறுத்துகிறது. இந்தப் படலத்தின் தடிமன் சில பத்து மைக்ரான், தலைமுடி அளவுகூட இருக்காது. இதற்கான கணிதத்தை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் வகுத்தார். சாயும் பட்டை என்ற யோசனைக்கு, அமெரிக்காவில் கிங்ஸ்பரியும் ஆஸ்திரேலியாவில் மிட்செலும் ஒருவரையொருவர் சாராமல் வந்து சேர்ந்தனர்.

கணக்கு எங்கே சிக்கலாகிறது?

ரெனால்ட்ஸ் சமன்பாடு மட்டும் போதாது. எண்ணெய் உராய்வில் சூடாகி இளகுகிறது. இளகினால் படலம் மெலிகிறது. ஒரு பட்டையை விட்டு வெளியேறும் சூடான எண்ணெயில் ஒரு பகுதி வளையத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த பட்டைக்குள் நுழைகிறது. இவற்றோடு பட்டையும் வளைகிறது. 60 செ.மீ. நீளமும் 15 செ.மீ. தடிமனும் கொண்ட உருக்குப் பட்டை ஒன்றில் மேல்முகம் அடிமுகத்தைவிட 20 டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தால், அது தடையின்றி வளையும்போது நடுப்பகுதி சுமார் 70 மைக்ரான் புடைக்கும். படலத்தைவிடப் பெரிய புடைப்பு இது! அதனால் கணினி மாதிரி, அழுத்தம், வெப்பம், வளைவு மூன்றையும் ஒன்றுக்கொன்று சரிபார்த்து, விடை நிலைக்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது.

தடிமன் மாறாமல் நீளத்தை மட்டும் இருமடங்காக்கினால் இந்தப் புடைப்பு நான்கு மடங்காகும். ஆகவே சிறிய பேரிங்கை அப்படியே பெரிதாக்க முடியாது. பட்டையை ஒரே புள்ளியில் தாங்காமல் வரிசையான சுருள்வில்கள் மீது வைப்பது, மெல்லிய பட்டையைப் பல ஊசித்தண்டுகள் வழியாகத் தடித்த அடிப்பட்டை மீது நிறுத்துவது ஆகியவை இதற்குக் கண்ட வழிகள். சோவியத் பொறியாளர்கள் பாபிட்டுக்குப் பதிலாக டெஃப்லான் முகம் கொண்ட பட்டைகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர்.

சோதனை எப்படி?

சோதனை மேடையில் பெரும்பாலும் இரண்டு பேரிங்குகளை முதுகோடு முதுகாக வைத்து ஹைட்ராலிக் விசையால் நெருக்குவார்கள். சுமை மேடைக்குள்ளேயே முடிந்துவிடும், கட்டடத்துக்கு இறங்காது. பாபிட்டுக்குச் சற்றுக் கீழே வெப்ப உணரிகள், பட்டையின் மூலைகளில் இடைவெளி உணரிகள், படலத்தின் அழுத்தத்தை அறியச் சிறு துளைகள் வைக்கப்படும். ஸ்வீடனின் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. இருந்தாலும் மேடையில் ஓடுவது பெரும்பாலும் அசலைவிடச் சிறிய பேரிங். அதில் கிடைத்த அளவீட்டோடு கணினி மாதிரி ஒத்துப்போனாலும், அசல் அளவில் பட்டை எப்படி வளையும் என்பதற்கு மின்நிலையத்தில் எடுக்கும் அளவீடுதான் சாட்சி.

தொடங்கும்போதும் நிற்கும்போதும்தான் ஆபத்து அதிகம். வேகம் குறைவாக இருக்கையில் படலம் உருவாகாது. அதனால் பல நிலையங்களில் உயர் அழுத்த எண்ணெயைச் செலுத்தித் தண்டைத் தூக்கிய பிறகே சுழற்றுகிறார்கள். சூரிய, காற்றாலை மின்சாரம் பெருகப் பெருக, ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க நீர்மின் இயந்திரங்கள் அடிக்கடி நின்று ஓடவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் காடம்பாறையில் உள்ளதுபோன்ற நீரேற்று நிலையங்களில் இயந்திரம் இரு திசையிலும் சுழலும். அங்கே பட்டையின் தாங்குபுள்ளியை ஒரு திசைக்குச் சாதகமாகத் தள்ளிவைக்க வழியில்லை, நடுவில்தான் வைக்கவேண்டும்.

பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்கும் நிர்வாகங்கள் பேரிங்கைக் கணக்குத் தாளை மட்டும் பார்த்து ஏற்கக்கூடாது. பட்டைகளில் உணரிகள் பதித்து, முழுச் சுமையிலும், தொடங்கும்போதும் நிற்கும்போதும் அளந்த விவரங்களை ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெறவேண்டும்.