டிக்கன்ஸின் கிறுக்கலைப் படித்தது யார்? விக்டோரியா கால ஆய்வில் வாசகர்களுக்கும் இடம் உண்டு!

நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் ஒரு கடிதம் இருக்கிறது. எழுதியவர் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். அது அவர் கையெழுத்துதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால், உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்பது 160 ஆண்டுகளுக்கும் மேலாக விளங்கவே இல்லை. காரணம், அது சுருக்கெழுத்தில் இருந்தது.

பேராசிரியர்களுக்கே பிடிபடாத அந்தக் கடிதம் 2021 இறுதியில் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது. பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகம் சார்ந்த ‘டிக்கன்ஸ் கோட்’ ஆய்வுத் திட்டம், படித்துச் சொல்பவருக்கு 300 பவுண்டு பரிசு என அறிவித்தது. 2022 பிப்ரவரியில் முடிவு வந்தது. பரிசு பெற்றவர் இலக்கியப் பேராசிரியர் அல்ல, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கணினித் துறை ஊழியர்!

சுருக்கெழுத்தில் அப்படி என்ன சிக்கல்?

தமிழ்நாட்டின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் சொல்லித்தரப்படும் பிட்மன் சுருக்கெழுத்து 1837-ல் வெளியானது. விக்டோரியா பட்டத்துக்கு வந்ததும் அதே ஆண்டுதான். டிக்கன்ஸ் அதற்கு முன்பே, பதின்ம வயதில், கர்னி என்ற பழைய முறையைக் கற்றுக்கொண்டு நீதிமன்ற, நாடாளுமன்றச் செய்தியாளராக வேலை பார்த்தார். அந்த முறையில் பெரும்பாலும் உயிரெழுத்துகளை விட்டுவிடுவார்கள். தமிழில் க, ட, ல என்று மட்டும் எழுதினால் அது கடலா, குடலா, கூடலா? முன்பின் சொற்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். போதாக்குறைக்கு, டிக்கன்ஸ் சொந்தமாகச் சில குறிகளையும் சேர்த்துக்கொண்டார். அதனால்தான் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டும் படிக்க முடியவில்லை.

கடிதத்தில் இருந்தது என்ன?

பெரிய ரகசியம் எதுவும் இல்லை, ஒரு விளம்பரத் தகராறு! 1859-ல் டிக்கன்ஸ் தன் பதிப்பாளர்களுடன் சண்டை போட்டுக்கொண்டு, ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழை மூடினார். ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ என்ற புதிய இதழைத் தொடங்கினார். அது தொடர்பான விளம்பரத்தை ‘தி டைம்ஸ்’ நாளிதழின் ஊழியர் ஒருவர் ஏற்க மறுத்துவிட்டார். உடனே டிக்கன்ஸ் அதன் ஆசிரியர் ஜான் டிலேனுக்கே கடிதம் எழுதினார். தனக்காக எடுத்துவைத்த நகல்தான் இந்தச் சுருக்கெழுத்துத் தாள்.

நாவலாசிரியராக மட்டுமே அறியப்பட்டவர் வியாபாரத்தில் எவ்வளவு கறாராக இருந்தார், வேண்டியபோது யாரிடம் போய்ப் பேசினார் என்பதை அவர் கைப்படவே இது காட்டுகிறது. பரிசு அறிவிக்கப்பட்டபோது சுமார் 70% குறிகள்தான் விளங்கியிருந்தன. அதுவும் ஒரே ஆள் கண்டுபிடித்ததல்ல. ஆளுக்குச் சில சொற்களாகப் பலர் அனுப்பியவற்றை ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள்.

இது ஒரே ஒரு கடிதத்தின் கதையா?

இல்லை. டிக்கன்ஸ் நடத்திய இதழ்களின் சுமார் 30,000 பக்கங்கள் ‘டிக்கன்ஸ் ஜர்னல்ஸ் ஆன்லைன்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்கேன் செய்த பக்கங்களைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்தது. அதைத் திருத்திக் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத சாதாரண வாசகர்கள்தான். அந்த இதழ்களில் கட்டுரையாளர்களின் பெயர் போடும் வழக்கம் இல்லை. ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழில் யார் யார் எழுதினார்கள் என்பதற்கான குறிப்புகளுடன் ஒரு தொகுப்பு கிடைத்திருப்பதாக 2015-ல் அறிவித்தவர் ஜெரமி பாரட் என்ற பழைய புத்தக வியாபாரி.

டிக்கன்ஸுக்கு அப்பால்?

இப்போது இந்தத் துறையில் சூடாக நடக்கும் விவாதமே அதுதான். விக்டோரியா காலம் என்றால் லண்டன் மட்டும்தானா? அந்த ராணியின் ஆட்சியில்தானே மெட்ராஸும் பம்பாயும் இருந்தன? ‘விக்டோரியன் ஸ்டடீஸ்’ ஆய்விதழ் 2020-ல் இனம், பேரரசு பற்றிய கேள்விகளை முன்வைத்து ஒரு சிறப்பிதழே வெளியிட்டது. அதே ஆண்டு தொடங்கிய ‘ஒன் மோர் வாய்ஸ்’ திட்டம், பிரிட்டிஷ் பேரரசுக் கால ஆவணங்களில் புதைந்துகிடக்கும் ஐரோப்பியர் அல்லாதவர்களின் எழுத்துகளைத் தேடி எடுக்கிறது.

கிருபாபாய் சத்தியநாதனை எடுத்துக்கொள்ளலாம். 1862-ல் அகமதுநகரில் பிறந்து, மெட்ராஸில் மருத்துவம் படிக்க வந்தவர். உடல்நலக் குறைவால் படிப்பை விட்டவர் பேனாவைக் கையில் எடுத்தார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சகுணா’ 1887-88-ல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. 1894-ல், 32 வயதில் இறந்துபோனார். காலத்தால் அவரும் விக்டோரியா கால நாவலாசிரியர்தான். ஆனால், டிக்கன்ஸைப் பாடமாகப் படித்த எத்தனை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியும்?

ஆர்வம் உள்ளவர்கள் எங்கே தொடங்கலாம்?

லண்டனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன இரு தளங்களையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டார்வினின் கடிதங்களும் கேம்பிரிட்ஜ் திட்டம் ஒன்றின் வழியாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய ஆவணங்களைப் படித்து எழுதித்தரும் தன்னார்வப் பணிகள் ‘ஸூனிவர்ஸ்’ தளத்தில் அவ்வப்போது வருகின்றன. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 19-ம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுநூல்கள் இருக்கின்றன.

இதில் பெரிய பணம் கிடைக்காது. 300 பவுண்டு பரிசெல்லாம் அபூர்வம். ஆனால், ஆய்வு மாணவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 19-ம் நூற்றாண்டு மெட்ராஸ் ஆங்கில இதழ்களையும் அதே காலத் தமிழ் இதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் வேண்டும். டிக்கன்ஸின் கிறுக்கலைப் படிக்கத் தேவைப்பட்டது பட்டமல்ல, பொறுமை. இந்த வேலைக்குப் பொறுமையோடு தமிழும் தெரிந்திருக்க வேண்டும்.