விஞ்ஞானக் கதைப்படம் எது?

ரொக்கெற்றும் விந்தைப் பிராணியும் தோன்றினால் மட்டும் ஒரு படம் விஞ்ஞானக் கதையாகிவிடுமா? ஆகாது. மந்திரக் கம்பளம் பறப்பதற்குக் காரணம் வேண்டுவதில்லை. விஞ்ஞானக் கதையோ இயற்கை விதிக்கு அமைந்து, “இவ்வாறு நேர்ந்தால் மனிதன் என்னாவான்?” என வினவுவது.

1902இல் பிரெஞ்சுக்காரரான மெலியே எடுத்த சந்திரப் பயணப் படத்திலே, பீரங்கியிற் புறப்பட்ட குண்டு சந்திரனின் கண்ணிலே தைக்கிறது. அது இனிய வேடிக்கை. 1968இல் ஸ்ரான்லி குப்ரிக், இலங்கையில் வாழ்ந்துவந்த ஆதர் சி. கிளார்க்குடன் இணைந்து உருவாக்கிய ‘2001: ஒரு விண்வெளிப் பயணம்’ அத்தகையதன்று. காற்றற்ற வெளியில் ஓசையில்லை என்பதை அப்படம் மறக்கவில்லை. அங்கே விண்கலத்தை நடத்தும் ஹால் என்னும் கணனி, மேற்கொண்ட பணியைக் காக்க மனிதரையே கொல்லத் துணிகிறது.

முடிவெடுக்கும் பொறுப்பைப் பொறியிடம் ஒப்படைத்தபின் எசமான் யார்? இவ்வினாவே அதனைச் சிறந்த படமாக்குகிறது. மாணவர்களே, படத்தில் ரொக்கெற்றை அன்று, வினாவைத் தேடுங்கள்.