நலம் பேசுவோம்: பந்து வீசும் பிள்ளைக்கு இரத்தம் வேண்டும்

"பொம்பளப் பிள்ளைக்குக் கிரிக்கெட் எதுக்கு?" என்று கேட்கும் தாய்மார்களே, கேளுங்கள். நம் மலேசிய மகளிர் குழுவின் தலைவியாக விளங்கியவர் வினிபிரட் துரைசிங்கம். மட்டையும் பிடிப்பார், பந்தும் வீசுவார். 2018 ஜூனில் கோலாலம்பூர் கின்ராரா திடலில், ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியாவிடம் நம் குழு 27 ஓட்டத்தில் சுருண்டது. அதற்காக அவர் ஓடி ஒளியவில்லை. 2022இல் சில்ஹெட்டில் நடந்த அதே கிண்ணப் போட்டிக்கும் அவரே தலைவியாகப் போனார்.

இரண்டு வேலை செய்பவளுக்கு உடம்பு இரண்டு மடங்கு கேட்கும். செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்து அடுப்படியும் பார்க்கிற நமக்கு இது தெரியாதா?

புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் திடலில் பிள்ளை மயங்கி விழுந்தால், "கண்ணு பட்டுடுச்சு" என்று சுற்றிப் போடுகிறோம். போடுங்கள், வேண்டாம் என்கவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் இரத்தமும் சோதித்துவிடுங்கள். மாதவிலக்கு வந்த வயதில் இரும்புச்சத்து குறைந்தால் மூச்சு வாங்கும், கால் துவளும், முகம் வெளிறும். முருங்கைக்கீரை, பருப்பு, நெத்திலி, ஈரல் கொடுங்கள். கூடவே கொய்யா, எலுமிச்சை. சோற்றோடு தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.